ஒளிப்படமும் மெய்ப்பாடும்

மராட்டியப் படையரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சிக்கோட்டை 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இராசகிரியையும் கல்யாண மகாலையும் காட்டும் ஒளிப்படங்கள், பெருமை பற்றி எழும் மருட்கையை நம்பால் விளைக்கின்றன. ஆயின், மக்கள் வாழ்வை ஆவணமாக்கும் ஒளிப்படம் கலையாவது எவ்வாறு? தொல்காப்பியர் செய்யுட்கு வகுத்த மெய்ப்பாடுகளே இதனை அளக்கவும் துணையாகும்.

1876–78இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஆங்கிலப் படை அலுவலர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், பசியால் என்பு தோன்ற மெலிந்தோரைக் குழுவாக இருத்திப் படம் எடுத்தார். அவை பஞ்சத்தின் கொடுமைக்குச் சான்றாயின என்பது மெய்யே. எனினும், வறுமை பற்றிய அழுகை ஒன்றே அவற்றில் உண்டு. மாந்தர் அங்குக் காட்சிப்பொருளாகவே நிற்கின்றனர்.

நம் காலத்து எம். பழனி குமார், துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களையும் இராமநாதபுரக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் மகளிரையும் படம் எடுத்துள்ளார். கையால் மலம் அள்ளுவித்தலை 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்கள் விலக்கிய பின்னும் அவ்விழிவு தொடர்ந்தமைக்கு அவர் படங்கள் சான்று பகர்கின்றன. பாசி எடுக்கும் மகளிரிடத்தோ தறுகண் பற்றிய பெருமிதத்தையும் காண்கிறோம். வேறுபாடு ஈண்டே உளது. அழுகை மட்டும் கண்டோர் இரங்கி, ஈந்து அமைவர். பெருமிதமும் கண்டோர் பிறர் உரிமையை உணர்வர். சமுதாய மாற்றத்திற்கு வித்தாவது பின்னதே.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் கொணரும் உழவரையும், அங்கு மூட்டை சுமப்போரையும் இந்நோக்கில் காணும் கலைஞர் வேண்டும். கோட்டையின் புகழ் பரவும் இந்நாளில், அதன் அடியில் உழைத்து வாழ்வோர் படத்திற்குப் புறத்தே நிற்றல் தகாது.