அணைக் கணக்கில் யார் பேர் எழுதுவது? – உலக அணைகள் ஆணைய அறிக்கை: ஒரு திறனாய்வு

முன்னுரை

பெரிய அணைகளைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு சாரார் அணையைக் கும்பிடுகிறார்கள். மற்றொரு சாரார் சபிக்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இதுதான் பொருள் என்று சாதிக்கக் கூடாது என்பது சமணர்களாகிய எங்களுடைய அநேகாந்தக் கொள்கை. அந்த நோக்கில், 2000-ஆம் ஆண்டு வெளிவந்த உலக அணைகள் ஆணையத்தின் அறிக்கையை, சர்தார் சரோவர் அணையை உரைகல்லாக வைத்து இங்கே ஆராய்வோம். அகமதாபாத்வாசிகளான நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம்ம வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் நர்மதைத் தண்ணீர்தான்.

ஆணையமும் அறிக்கையும்

உலக வங்கியும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் முன்கை எடுத்து 1998-இல் இந்த ஆணையம் அமைந்தது. தென் ஆப்பிரிக்க அமைச்சர் காதர் அஸ்மல் தலைவர். உறுப்பினர் மொத்தம் 12 பேர். அணைக்கு இயந்திரம் விற்கும் ஏ.பி.பி. நிறுவனத்தின் தலைவரும் அதில் இருந்தார். அணையை எதிர்த்துப் போராடிய மேதா பட்கரும் இருந்தார். இருவரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள் என்பதே பெரிய விஷயம். பட்கர் தனிக் குறிப்பு ஒன்றையும் சேர்த்தார்.

உலகில் 45,000 பெரிய அணைகள் உண்டு என்றும், உலக மின்சாரத்தில் 19 சதவீதமும் உணவு உற்பத்தியில் 12 முதல் 16 சதவீதமும் அணைகளால் கிடைக்கின்றன என்றும் அறிக்கை மதிப்பிடுகிறது. அணையால் மனித குலம் அடைந்த நன்மையை அது மறைக்கவில்லை. அதே சமயம், அந்த நன்மைக்காகச் சிலர் கொடுத்த விலை ஏற்கத்தக்கதல்ல, பல இடங்களில் தேவையற்றதும்கூட என்கிறது. வெளியேற்றப்பட்டவர்கள் 4 கோடி முதல் 8 கோடி வரை என்கிறது.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடைக்காரன் ஒருவன், "தர வேண்டிய பாக்கி நாலாயிரமோ எட்டாயிரமோ" என்று பேரேட்டில் எழுதி வைத்தால் அவனை யார் நம்புவார்கள்? இது ஆணையத்தின் குற்றமன்று. அணை கட்டிய அரசுகள் ஆட்களை ஒழுங்காக எண்ணவே இல்லை. டன் கணக்கில் சிமெண்டை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆளை எண்ணத் தெரியாமல் போனதே இதில் முதற்பெரும் சான்று.

பெற்றவர்கள்

சர்தார் சரோவருக்கு 1961-இல் நேரு அடிக்கல் நாட்டினார். நடுவர் மன்றத் தீர்ப்பு 1979-இல் வந்தது. வழக்கு, தடை, போராட்டம் எல்லாம் கடந்து, 2017-இல் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019-இல் முதன்முறையாக முழு அளவான 138.68 மீட்டருக்கு நிரம்பியது.

பயன் சிறியதல்ல. 1986 வறட்சியில் ராஜ்கோட்டுக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். இன்று அந்தப் பக்கமெல்லாம் குழாயில் நர்மதை போகிறது. கட்ச்சுக்குத் தண்ணீர் போகவே போகாது என்று அணையை எதிர்த்தவர்கள் பலர் சொன்னார்கள். குடிநீர் போய்ச் சேர்ந்தது. 458 கி.மீ. நீளமுள்ள பெருங்கால்வாய் ராஜஸ்தான் எல்லையைத் தொட்டு, 2008-இல் ஜாலோர்ப் பக்கமும் தண்ணீர் கண்டது. மாலையில் சபர்மதிக் கரையில் நாம் உட்கார்ந்து பார்க்கிற தண்ணீரும் நர்மதைதான். இதையெல்லாம் இல்லை என்று சொல்கிறவன் நன்றி மறந்தவன்.

கொடுத்தவர்கள்

நீர்த்தேக்கத்தால் முழுதாகவோ பகுதியாகவோ பாதிக்கப்பட்டவை 245 கிராமங்கள். மத்தியப் பிரதேசத்தில் 193, மகாராஷ்டிரத்தில் 33, குஜராத்தில் 19. தண்ணீரில் மத்தியப் பிரதேசத்துக்கும் பங்கு உண்டு, மின்சாரத்தில் 57 சதவீதமும் உண்டு. ஆனால் அந்த மின்சாரம் போவது ஊர் இழந்தவன் வீட்டுக்கு என்று ஒரு விதியும் இல்லை.

எங்கள் வந்தவாசிப் பக்கத்து ஏரிப் பாசனத்தில், நீர் பிடிக்கும் நிலமும் நீர் பாயும் நிலமும் ஒரே ஊர் எல்லையில் கிடக்கும். இழந்தவனும் பெற்றவனும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். பெரிய அணையில் அது முடியாது. நிமாட் விவசாயிக்கு அகமதாபாத்காரனைத் தெரியாது. நமக்கும் அவனைத் தெரியாது.

நடுவர் மன்றம் "நிலத்துக்கு நிலம்" என்று நல்ல விதி செய்தது: நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழந்த குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர். ஆனால் பேரேட்டில் பெயரே ஏறாதவர்கள் பலர். பட்டா இல்லாமல் தலைமுறையாக உழுத பழங்குடியினர் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டார்கள். கால்வாய்க்கு நிலம் கொடுத்தவர்களுக்கு மறுவாழ்வு விதி பொருந்தாது என்றார்கள். அணை ஊழியர் குடியிருப்புக்காக 1960-களிலேயே நிலம் இழந்த கேவடியாப் பகுதிக் கிராமத்தாரும் கணக்கில் வரவில்லை.

ஆற்றுக்கும் அதே கதிதான். தீர்ப்பு பங்கிட்ட நீர் 28 மில்லியன் ஏக்கர் அடி: மத்தியப் பிரதேசம் 18.25, குஜராத் 9, ராஜஸ்தான் 0.5, மகாராஷ்டிரம் 0.25. கூட்டிப் பாருங்கள், சரியாக 28 வரும். கடலுக்கென்று ஒரு சொட்டும் எழுதப்படவில்லை. அணைக்குக் கீழே சுமார் 150 கி.மீ. ஓடிப் பரூச் அருகே கடலில் கலக்கும் ஆறு அது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் ஹில்சா மீனை நம்பிப் பிழைத்த மீனவர்களுக்கு மீன் குறைந்தது. உப்பு நீர் மேலேறி வந்தது.

அறிக்கையின் நிறையும் குறையும்

அறிக்கையின் தலைசிறந்த பகுதி எது என்றால், பயனையும் இழப்பையும் ஒரே ஐந்தொகையில் போட்டுக் கழித்துப் பார்க்கும் முறை தவறு என்று சொன்னதுதான். பயன் ஒருவருக்கு, இழப்பு வேறொருவருக்கு என்றிருக்கும்போது கழித்தல் கணக்கே செல்லாது. பாதிக்கப்பட்டவர்களையே முதல் பயனாளிகளாகக் கொள்ள வேண்டும் என்றும், பழைய அணைகளில் தீராத குறைகளைத் தீர்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இந்திய அரசு இவ்வறிக்கையை ஏற்கவில்லை. 1998-இல் ஆணையம் போபாலில் நடத்தவிருந்த கூட்டமே ரத்தாகி, கொழும்பில்தான் நடந்தது.

குறை என்று நான் கருதுவது ஒன்று. உரிமை, இடர் என்னும் வக்கீல் பாஷையில் நின்ற அறிக்கை, இழந்தவர்களைக் "கடன் கொடுத்தவர்கள்" என்று நேரடியாகப் பெயரிடவில்லை. வியாபாரிக்கு இந்த வேறுபாடு சட்டென்று புரியும். செலவு என்று எழுதினால் அது வருஷக் கடைசியில் லாப நட்டக் கணக்கில் போய் முடிஞ்சிடும். ஆள் பேர்ல எழுதின வரவு முடியாது. கொடுத்துத் தீர்க்கும் வரை அடுத்த வருஷப் பேரேட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கொடுத்தவர் பேரில் வரவு, வாங்கினவர் பேரில் பற்று. இதுதானே கடைக் கணக்கு? அரசாங்கம் இடம்பெயர்ந்தவர்களைச் செலவில் எழுதியது. அவர்கள் பேரில் வரவு வைத்திருக்க வேண்டும்.

இதற்குச் சான்று உச்ச நீதிமன்றத்திலேயே உண்டு. 2000-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு அணையை உயர்த்த அனுமதித்தது. 2017 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், இழப்பீடு பெறாதிருந்த 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 1979-இல் எழுதிய கடன், 38 வருஷம் கழித்தும் பாக்கி நின்றிருக்கிறது! அதுவும் வாக்களித்த நிலமாக இல்லை, பணமாக.

முடிவுரை

அணையை இடிக்கச் சொல்லவில்லை. இடித்தால் ராஜ்கோட் மறுபடி ரயிலுக்குக் காத்திருக்கும். அணை கட்டி முடித்தாச்சு, கணக்கும் முடிஞ்சுபோச்சு என்பதைத்தான் மறுக்கிறேன். விற்கும் தண்ணீரிலும் மின்சாரத்திலும் ஒரு சிறு பங்கு, ஆண்டுதோறும், ஊர் இழந்தவர்கள் பேரில் போய்ச் சேர வேண்டும். பெயர் விடுபட்டவர்களுக்கும் கணக்குத் திறக்க வேண்டும். முகத்துவாரத்துக்கு வேண்டிய நீரை வழிந்தது போக மிச்சம் என்று விடாமல், பங்காகவே எழுத வேண்டும். அதற்காகத் தண்ணீர் வரி நாலு ரூபாய் கூடினாலும் நாம் முணுமுணுக்கக் கூடாது. பிழைக்க வந்த ஊரில் கடன் வைக்காமல் வாழ்ந்தார்கள் என்பதுதான் நம் முன்னோர் தேடி வைத்த பெயர். பற்று நம் பேரில் நிற்கிறது என்பதை நம் பிள்ளைகளாவது தெரிந்துகொள்ளட்டும்.