பூவேலை என்ற வசை

ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். நாற்பது வருஷங்களுக்கு முன்னால், இதைப் போன்ற ஒரு சிறு பத்திரிகையில், ஒரு பெண்ணின் முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இவை கவிதைகள் அல்ல, பூவேலை என்று அது முடிந்தது. நண்பர்கள் ரசித்தார்கள். அந்தச் சொல் என் தனிச்சொத்து அல்ல. அந்நாளில் எல்லோரும் கையாண்டதுதான். சிந்தனை கலவாத உழைப்பு, முடிந்துபோன துணியின்மேல் வெளியிலிருந்து ஒட்டிய அழகு – இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அது உதவிற்று. அவர் அதற்குப் பிறகு தொகுப்பு எதுவும் கொண்டுவரவில்லை. என் வரிதான் காரணம் என்று எண்ணிக்கொள்வது இன்னொரு அகம்பாவம். ஆனால் அந்த வரி சரியா, தப்பா என்ற கேள்வி என்னுடையது.

கேள்வியைக் கிளப்பியது ஒரு டிரங்குப் பெட்டி. திருவையாற்றில், புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போகிற வழியில் இருந்த அத்தையின் வீட்டை ஒழித்தபோது அது என் பங்குக்கு வந்தது. உள்ளே, அட்டைத் துண்டுகளில் நிறவாரியாகச் சுற்றிய ஆங்கர் நூல், குரோஷா ஊசிகள், இரண்டு மரவளையங்கள், கிழிந்த புடவைத் தலைப்புகளிலிருந்து உருவிய பட்டு இழைகள், பாதியில் நின்ற ஒரு தலையணை உறை. உறையை முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு நிறுத்தவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. கிழ விமர்சகன் ஒருவன் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பது நம் வட்டத்துக்கு ஒரு வருஷச் சிரிப்பு.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். விமர்சனத்தில் நாம் அதைக் கடைசியில் வைப்போம், அல்லது வைக்கவே மாட்டோம். ஒரு கண்டில் எட்டு மீட்டர், ஆறு இழை. ஆறையும் சேர்த்துக் கோத்தால் கயிறு. இரண்டாகப் பிரித்துக்கொண்டால் கோடு. ஒவ்வோர் இழையாகத்தான் உருவ வேண்டும். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக இழுத்தால் சிக்கு. சிறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து நான் நூல் பிரித்துக் கொடுக்கும்போது, “மெதுவாடா, அது ஓடிடாது” என்பாள் அத்தை. பருத்தி விரலுக்குப் பணியும். பட்டு பணியாது, நகத்தோரம் சொரசொரப்பு இருந்தால் அங்கே பிடித்துக்கொண்டு நிற்கும். நூல்களை வெயிலில் பரப்பி, கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் அரக்கை வைத்து, பிறகு அரக்கை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்துப் பார்ப்பதிலேயே ஒரு காலை போய்விடும். இதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. அதனால் அனுபவம் குறைந்ததாகவும் தெரியவில்லை.

ஒரு நாள் இலை ஒன்றைப் பச்சைப் பட்டால் நிரப்பிக்கொண்டிருந்தேன். நடு நரம்புக்கு ஒரு புறம் தையலை ஒரு வாட்டத்தில் சாய்த்துப் போட்டு, மறுபுறம் எதிர் வாட்டத்தில் போட்டேன். ஒரே பச்சை இரண்டு பச்சை ஆகிவிட்டது. சாயம் மாறவில்லை. வழவழப்பான நீள இழை, தான் கிடக்கும் திசைக்கேற்ப வெளிச்சத்தைத் திருப்புகிறது. ஆகவே இழையை வைத்த விதமே நிறமாகிறது. உருவம் என்பது உள்ளடக்கத்துக்கு மாட்டிய சட்டை இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். அதே பக்கங்களில்தான் பூவேலை என்றும் வைதோம்.

க.நா.சு. ரசனை என்றார். செல்லப்பா ‘எழுத்து’ (1959–70) பக்கங்களில் அலசல் என்றார். இரண்டு கட்சியிலும் மாறி மாறி நின்றிருக்கிறேன். கூத்தையும் ஓவியத்தையும் கண்ணெடுத்துப் பாராமல் இலக்கியம் பேசுவதை வெங்கட் சாமிநாதன் சாடியபோது வெட்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கம் ஊசிவரை எட்டவில்லை. ஊசி வீட்டுக்குள் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் நமக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கத்து ஊர்களுக்கு இந்த அலட்சியம் பொருந்தவும் பொருந்தாது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகக் கோடாலி கருப்பூரில் செய்த துணியை மியூசியங்களில்தான் இனிப் பார்க்க வேண்டும். பருத்தியோடு ஜரிகையை வைத்துத் தறியிலேயே உருக்களை நெய்வார்கள். பிறகு அந்தத் துணியின்மேல் மெழுகால் தடுத்துச் சாயம் ஏற்றுவார்கள். பொன் சிவப்புக்கும் பழுப்புக்கும் அடியில் அமுங்கி, துணி அசையும்போது மட்டும் எட்டிப் பார்க்கும். 1855-ல் அரச வம்சம் முடிந்தது. ஆதரிப்பார் இல்லாமல் அந்த நூற்றாண்டோடு வேலையும் நின்றது. அதில் எது துணி, எது அலங்காரம் என்று யாராவது பிரித்துக் காட்டட்டும். பொன்னை நெய்து அதன்மேலேயே சாயத்தை ஓட விட்டவனிடம் பகட்டு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தியாகையரின் முக்கியமான சீடர்களில் ஒருவரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) பட்டுநூல்காரர் சமூகத்தவர். அய்யம்பேட்டையிலிருந்து இங்கே வந்து பாடம் கேட்டவர். கீர்த்தனங்கள் பல நமக்கு மிஞ்சியதற்கு அவர் பரம்பரையின் சுவடிகள் ஒரு காரணம். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு துண்டு நூலைச் செருகி நகர்த்துவார்கள். சரியான இடத்தில் அது நின்றதும் செத்த ஒலி ரீங்காரமாகிவிடும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். பாடகன் யாரும் அதை அலங்காரம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

நன்னூல் பாயிரத்தில், இலக்கண நூலை ‘நூல்’ என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. முதல் விளக்கத்தில் சொல் பஞ்சு, வாய் கை, அறிவு கதிர். நூற்கிறவள் ஒரு பெண், அவள் இடத்தில் புலவன். இரண்டாவதில் நூல், தச்சன் மரத்தின் கோணலைத் திருத்தப் போடும் கயிறு. நம் விமர்சனம் தச்சன் நூலை மட்டும் எடுத்துக்கொண்டது. எல்லோருடைய கோணலையும் அளந்தோம். நூற்கிற வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கவில்லை.

இதனால் எல்லாப் பூவேலையும் உசத்தி என்று ஆகிவிடாது. அச்சுத்தாளிலிருந்து படி எடுத்த ரோஜாவைச் சொன்ன நிறத்தால் நிரப்பியது செத்த வேலைதான். தரம் பிரிக்க எனக்கு இப்போது ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. அதையும் நூலே கொடுத்தது. பருத்திக்கு மினுக்கு பிறவிக் குணம் இல்லை. 1844-ல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தார். உறுதி கூடியது, சாயம் நன்றாகப் பிடித்தது, ஆனால் சுருங்கிப்போயிற்று. 1890-ல் ஹொரேஸ் லோ அதைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்தார். பளபளப்பு அப்போதுதான் வந்தது. இழுப்பு இல்லாத இடத்தில் மினுக்கு இல்லை. மிகையாக இழுத்தாலும் கெடும்: தலையணை உறையில் அத்தையின் தையல் முடிந்து என்னுடையது தொடங்கும் இடத்தில் துணி சுருங்கிக் கிடக்கிறது.

இந்த அளவுகோலோடு அந்தத் தொகுப்பை மறுபடி படித்தேன். இருபத்து நாலு கவிதைகள். பெரும்பாலானவை படி எடுத்த ரோஜாக்கள். இன்றும் அப்படித்தான் சொல்வேன். நாலு கவிதைகள் வேறு. அவற்றில் ஒன்று, தொடையில் பஞ்சைத் தேய்த்துத் திரி திரிக்கிற ஒருத்தியைப் பற்றிப் பதினொரு வரி. விளக்கு என்ற சொல்லே அதில் வராது, வெளிச்சமும் வராது. விரல், பஞ்சு, தோல், இன்னொரு திரி, அவ்வளவுதான். வரவேண்டியதை வரவிடாமல் கடைசி வரிவரை இழுத்துப் பிடித்திருக்கிறார். கவி இதில் என்னதான் சொல்ல வருகிறார் என்று அன்று ஏளனமாகக் கேட்டிருந்தேன். எந்தத் தையல் தளர்ந்திருக்கிறது, எது நிற்கிறது என்று பிரித்துச் சொல்வதுதான் மதிப்புரை. நான் ஒரு வசையைப் போட்டு வேலையைத் தவிர்த்தேன்.

பூவேலை என்று நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு பாராட்டாக அதைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. அந்த நாலு கவிதைகளையும் இந்தப் பத்திரிகை மறுபடி வெளியிட வேண்டும், அவர் சம்மதித்தால். கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.