சுவையும் தீர்ப்பும்: ஜார்ஜ் ஆர்வெலின் ‘தி ரோட் டு விகன் பியர்’ நூலில் ஏழையின் உணவுத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

மலிவான ஆயத்த உணவை உண்பவர் அறிவற்றவர், பொறுப்பற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்படுவது நவீனச் சமூகத்தின் பொதுப் பழக்கமாக உள்ளது. இத்தீர்ப்பின் இயல்பை ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் வெளியிட்ட ‘தி ரோட் டு விகன் பியர்’ நூலின் ஆறாம் இயலை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆர்வெல் இத்தீர்ப்பை மறுக்கும் இடமும் தாமே அதற்கு ஆட்படும் இடமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அவருடைய மொழிநடையிலேயே வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குறிச்சொற்கள்: ஆர்வெல், உணவுப் பண்பாடு, வர்க்கம், சுவை, துரித உணவு, ராதர்ஹாம்.

முன்னுரை

உணவைப் பற்றிய மதிப்பீடும் உண்பவரைப் பற்றிய தீர்ப்பும் வெவ்வேறானவை. ஓர் உணவில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி என்பது மதிப்பீடு. அதை உண்பவர் தன்னடக்கம் இல்லாதவர் என்பது தீர்ப்பு. முன்னதை அளவிட்டு மெய்ப்பிக்கலாம். பின்னது உண்பவரின் வாழ்நிலையை அறியாமலேயே அவரது ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தே வழங்குகின்றன. அக்கலப்பு எங்கே, எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய ஆர்வெலின் நூல் தக்க சான்றாகிறது.

நூலின் பின்னணி

1936-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஆர்வெல் வட இங்கிலாந்தின் விகன், பார்ன்ஸ்லி, ஷெஃபீல்ட் முதலிய தொழில் நகரங்களில் தங்கி, சுரங்கத் தொழிலாளரின் வாழ்வை நேரில் கண்டார். பதிப்பாளர் விக்டர் கொலான்சின் இடதுசாரி நூற்கழகம் அதன் பயனாக விளைந்த நூலை 1937-இல் வெளியிட்டது. வீட்டுவசதி, கூலி, வேலையின்மை ஆகியவற்றோடு உணவுக்கென ஓர் இயலையே ஆர்வெல் ஒதுக்கினார். அரசியல் எழுத்தில் உணவு உரிய இடத்தைப் பெறவில்லை என்பது அவரது கருத்து.

32 ஷில்லிங் கணக்கு

ஆறாம் இயலின் மையமாக அமைவது ஒரு வரவு செலவுப் பட்டியல். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி, அவர் மனைவி, இரு குழந்தைகள் அடங்கிய குடும்பத்தின் வாரத் தொகை 32 ஷில்லிங். வாடகைக்கு மட்டும் 9 ஷில்லிங்குக்குச் சற்று மேல் செல்கிறது. துணி, நிலக்கரி, எரிவாயு, சோப்பு முதலியவற்றைக் கழித்தால் உணவுக்கு எஞ்சுவது பாதிக்கும் சற்றுக் குறைவு. அதில் காய்கறிக்கு 10 பென்ஸ், பாலுக்கு பத்தரைப் பென்ஸ். பழத்துக்கு எதுவும் இல்லை. ஆனால் சர்க்கரைக்கு 1 ஷில்லிங் 9 பென்ஸும் தேயிலைக்கு 1 ஷில்லிங்கும் செலவாகின்றன. 1 ஷில்லிங் 12 பென்ஸுக்குச் சமம் என்ற அக்கால வாய்பாட்டின்படி, இனித்த தேநீருக்கான செலவு காய்கறிச் செலவின் மூன்று மடங்குக்கும் மேலாகிறது.

இப்பட்டியலுக்கு எதிராக ஆர்வெல் மற்றொரு பட்டியலை நிறுத்துகிறார். வாரம் 4 ஷில்லிங்குக்கும் குறைவாக உணவுக்குச் செலவிட்டு வாழ முடியும் எனப் பத்திரிகைக்கு எழுதப்பட்ட கடிதம் அது. முழுக்கோதுமை ரொட்டி, பாலாடைக்கட்டி, கேரட், ஆரஞ்சு என அதன் தேர்வுகள் சத்துமிக்கவை. எரிபொருளுக்கு வழியில்லாததால் அனைத்தும் பச்சையாகவே உண்ணப்படுகின்றன. தீர்ப்பளிப்போர் எதிர்பார்க்கும் ‘நல்ல ஏழை’ இக்கடிதத்தில்தான் இருக்கிறார்: பசிக்கு உண்பவர், இன்பத்துக்கு உண்ணாதவர்.

பியர் பூர்தியூ 1979-இல் வெளியிட்ட ‘டிஸ்டிங்ஷன்’ நூலில், உழைக்கும் வர்க்கத்தின் உணவு விருப்பைத் தேவையின் சுவை எனவும் வசதி படைத்தோரின் விருப்பை ஆடம்பரத்தின் சுவை எனவும் பிரித்துக் காட்டினார். குறைந்த செலவில் வயிற்றை நிறைப்பது முன்னதன் நோக்கம். ஆர்வெலின் பட்டியல் இப்பகுப்புக்கு முழுமையாக அடங்குவதில்லை. தேவை மட்டுமே ஆணையிட்டிருந்தால் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் இவ்வளவு பங்கு கிடைத்திராது. தேவைக்குள்ளேயே ஓர் ஆடம்பரத்தை அக்குடும்பம் தேடிக்கொண்டது. பிறரின் கண்டனத்துக்கு உள்ளாவதும் அந்தச் சிறு ஆடம்பரமே.

முன்னிலையின் பணி

சத்துள்ள உணவுக்கு அக்குடும்பம் கூடுதலாகச் செலவிட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்பதை ஆர்வெல் மறுக்கவில்லை. அதாவது மதிப்பீட்டை ஏற்கிறார். தீர்ப்பை ஏற்க மறுக்கிறார். கையில் பணம் குறையக் குறையச் சத்துணவில் நாட்டமும் குறைகிறது என்பது அவரது வாதம். செல்வர் ஆரஞ்சுச் சாற்றையும் உலர்ந்த பிஸ்கட்டையும் மகிழ்ந்து உண்ணலாம். அவருக்கு இன்பம் தரும் வழிகள் வேறு பல உள்ளன. சலிப்பும் அலைக்கழிப்பும் நிறைந்த வேலையற்ற வாழ்வில் சற்று நாவுக்கு இதமான ஒன்றே அன்றைய நாளின் இன்பமாகிறது.

இவ்விடத்தில் அவரது நடை மாறுகிறது. பட்டியலை முன்வைத்தபோது படர்க்கையில் நின்ற எழுத்து, முன்னிலைக்கு நகர்கிறது. வேலை இல்லாதவர் ‘அவர்’ ஆக இல்லாமல் ‘நீ’ ஆகிறார். தொடர்ந்து, உருளைக்கிழங்கு வறுவலும் ஐஸ்கிரீமும் வாங்கிவரச் சொல்லும் வீட்டுக் குரல்கள் உரைநடைக்குள் நுழைகின்றன. ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் பொதுப்பொருளில் வழங்குவது இயல்பே, இதற்குத் தனிச் சிறப்பில்லை என மறுப்புக் கூறலாம். ஆயினும், காரணத்தை விளக்க வேண்டிய இடத்துக்கு அவ்வடிவம் வந்து சேர்வதும், அதனுடன் பேச்சுக் குரல்களும் இணைவதும் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. வாசகர் பட்டியலை மேலிருந்து நோக்கும் நிலையை இழந்து, அந்தச் சமையலறைக்குள் நிறுத்தப்படுகிறார். அங்கு நின்றபின் தீர்ப்பளிப்பது எளிதன்று.

உயர்குடிப் பெண்கள் ஏழைக் குடும்பங்களுக்குச் சென்று சிக்கனமாகப் பொருள் வாங்கக் கற்பிக்கும் வழக்கத்தைப் பொதுவுடைமைப் பேச்சாளர் ஒருவர் சினந்து கண்டித்ததையும் ஆர்வெல் பதிவு செய்கிறார். முதலில் குறைந்த தொகையில் வாழுமாறு விதிப்பது, பின்னர் அத்தொகையைச் செலவிடும் முறையையும் கற்பிக்க முற்படுவது: இரட்டை அவமதிப்பாகிய இதனை ஆர்வெலும் ஏற்றுக்கொள்கிறார்.

ஆர்வெலின் சறுக்கல்

அந்த உடன்பாட்டுக்கு அடுத்தே அவரது நிலை தளர்கிறது. முறையான உணவு மரபு இல்லாமையால் மக்கள் டின் பால் போன்ற இழிபொருளை அருந்துவதாக வருந்துகிறார். அதே இயலில், ஆங்கிலேயரின் நாக்கு, சிறப்பாக உழைக்கும் வர்க்கத்தின் நாக்கு, நல்ல உணவைத் தானாகவே ஒதுக்கிவிடுகிறது என்கிறார். டின் உணவு இயந்திரத் துப்பாக்கியைவிடக் கொடிய ஆயுதமாக அமையக்கூடும் எனவும் எச்சரிக்கிறார்.

இப்பகுதியில் ‘நீ’ மறைந்துவிட்டது. மனிதர் இருந்த இடத்தில் ‘நாக்கு’ நிற்கிறது. நாக்குக்குச் சலிப்போ கடனோ வாடகையோ இல்லை. காரணம் கூறும் ஆற்றலும் இல்லை. முன்பு சூழலிலிருந்து விளைந்ததாகக் காட்டப்பட்ட விருப்பம் இப்போது ஒரு வர்க்கத்தின் உடற்குறையாகிவிடுகிறது. முதல் இயலில் வரும் இறைச்சிக் கடை விடுதியின் அருவருப்பு மிகுந்த சித்திரிப்பையும், பதினோராம் இயலில் பழச்சாறு அருந்துவோரும் மரக்கறி உண்போரும் எள்ளப்படுவதையும் இதனுடன் சேர்த்து நோக்கினால், பிறர் உண்பதைக் கொண்டு அவரை அளக்கும் பழக்கம் ஆர்வெலிடமும் இருந்தது தெளிவாகும். ஆறாம் இயலின் சில பத்திகளில் அவர் அதை வென்றார். நூல் முழுவதிலும் வெல்லவில்லை.

ராதர்ஹாம், 2006

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் இச்சிக்கல் நீடித்தது. சமையற்கலைஞர் ஜேமி ஆலிவர் பள்ளி உணவு குறித்து 2005-இல் வழங்கிய தொலைக்காட்சித் தொடரும், 2,70,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவும் பிரிட்டன் அரசைச் செயற்படத் தூண்டின. அரசு 28 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது. தரங்குறைந்த பள்ளி உணவு குறித்த அவரது மதிப்பீடு சரியானது. அதன் பயனும் மெய்யானது.

2006 செப்டம்பரில், ஆர்வெல் பயணம் செய்த அதே தொழிற்பகுதியைச் சேர்ந்த ராதர்ஹாமில், தாய்மார் சிலர் பள்ளி வேலியின் வழியே பிள்ளைகளுக்கு வெளிக்கடை உணவை வழங்கினர். உணவு இடைவேளை போதவில்லை, வரிசை நீளமாக உள்ளது, பிள்ளைகள் பசியோடு இருக்கின்றனர் என்பவை அவர்கள் கூறிய காரணங்கள். தாங்கள் வழங்கியவற்றில் சாண்ட்விச்சும் சாலட்டும் இருந்தன என்றும் கூறினர். ஊடகங்களில் நிலைத்ததோ வேலிக்கு மேல் நீளும் பர்கரும் அதை நீட்டும் ‘பொறுப்பற்ற தாயும்’ மட்டுமே. பள்ளியின் நேர ஒழுங்கு குறித்த முறையீடு, தாய்மாரின் குணம் குறித்த விசாரணையாகத் திரிந்தது. ஆர்வெலின் நூலில் மனிதர் நாக்காகச் சுருங்கியதைப் போல, இங்கு முறையீடு பர்கராகச் சுருங்கியது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உணவின் தீமையை ஒப்புக்கொண்டே உண்பவர் மீதான தீர்ப்பை மறுக்க முடியும். ஆர்வெலின் ‘நீ’ அதற்குச் சான்று. இரண்டாவது, உண்பவர் தம் காரணத்தைச் சொல்லும் வாய்ப்பை எழுத்து அவரிடமிருந்து பறிக்கும் கணத்தில் மதிப்பீடு தீர்ப்பாகிறது. ஆர்வெலின் ‘நாக்கு’ அதற்குச் சான்று. ஆகவே, துரித உணவு பற்றிய எழுத்தை ஆராய்வோர் அதன் ஊட்டச்சத்துத் தரவுகளைச் சரிபார்ப்பதோடு நிற்றல் போதாது. அவ்வெழுத்தில் உண்பவர் பேசுகிறாரா, அன்றிப் பேசப்படுகிறாரா என்பதையும் காணல் வேண்டும். தரவுகள் சரியாக இருந்து உண்பவரின் குரல் இல்லாத எழுத்து, உணவைத் திருத்துவதற்கு முன் மனிதரை இழிவுபடுத்திவிடுகிறது. இழிவுபட்டவர் அறிவுரைக்குச் செவிசாய்ப்பதில்லை என்பதை ராதர்ஹாமின் பள்ளி வேலி காட்டியது.