பாராஹிரின் மோதிரம்: டோல்கீன் புனைவில் ஒரு குடிவழி நகை

பாராஹிரின் மோதிரம், ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் (1892-1973) படைத்த நடு உலகுப் புனைவில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் குடிவழி நகை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் (1954-55) பின்னிணைப்புகளிலும், டோல்கீனின் மறைவுக்குப் பின் அவர் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் பதிப்பித்த ‘தி சில்மரில்லியன்’ (1977), ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ (1980) ஆகிய நூல்களிலும் இதன் கதை சிதறிக் கிடக்கிறது. நாவலின் தலைப்பில் உள்ள மோதிரம் வேறு. அது அணிந்தவரைக் கண்ணுக்கு மறைக்கும்; நாளடைவில் அடிமையாக்கும். பாராஹிரின் மோதிரத்துக்கு மந்திர ஆற்றல் எதுவும் இல்லை. யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தார் என்ற செய்தியே அதன் மதிப்பு.

மரகதக் கண்கள் கொண்ட இரண்டு பாம்புகள். அவற்றின் தலைகள் சேரும் இடத்தில் பொற்பூக்களால் ஆன ஒரு முடி. ஒரு பாம்பு முடியைத் தாங்குகிறது, மற்றது அதை விழுங்குகிறது. எல்ஃப் மன்னன் ஃபின்ராடின் தந்தைவழிச் சின்னம் இது. டோல்கீன் இதற்கு விளக்கம் தரவில்லை. ஆனால் மோதிரம் சென்ற வழியைப் பின்தொடர்பவருக்கு, அரசுகளுக்கு என்ன நேர்கிறது என்பதை இந்தச் சிற்பம் முன்கூட்டியே சொல்லிவிடுவதாகத் தோன்றும்.

கடனாக வந்த நகை

பெரும்போர் ஒன்றில் பகைவரால் சூழப்பட்ட ஃபின்ராடை, மனிதர்குலத் தலைவன் பாராஹிர் மீட்கிறான். நன்றிக்கடனாக, பாராஹிருக்கும் அவன் குடியினர் அனைவருக்கும் எந்த இடரிலும் துணை நிற்பேன் என்று ஃபின்ராட் ஆணையிட்டு, அதன் அடையாளமாக மோதிரத்தைத் தருகிறான். பின்னர் பாராஹிர் கொல்லப்படுகிறான். அவன் இறந்ததற்குச் சான்றாக ஓர்க் தலைவன் ஒருவன் மோதிரம் அணிந்த கையை வெட்டி எடுத்துச் செல்ல, மகன் பெரென் அவனைக் கொன்று மோதிரத்தை மீட்கிறான். திங்கோல் மன்னன் தன்னை இழிபிறப்பாளன் என்று ஏசும்போது பெரென் இம்மோதிரத்தையே உயர்த்திக் காட்டுகிறான். ஃபின்ராடிடம் உதவி கேட்டுச் செல்லும்போதும் அதுவே அவன் கையில் இருக்கிறது. ஃபின்ராட் சொன்ன சொல் தவறாமல் முடியைத் துறந்து பெரெனுடன் புறப்படுகிறான். பகைவனின் சிறையில் அவனைக் காத்து உயிர்விடுகிறான்.

இதுவரை கதை தமிழ் வாசகருக்குப் பழக்கமானதுதான். இராமாயணக் கணையாழியும் கொண்டுவந்தவன் யார் என்பதை மெய்ப்பிக்கிறது. ஆனால் கணையாழியின் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. டோல்கீனின் மோதிரம் கடன் தீர்ந்த பிறகும் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்கிறது.

மகளுக்குப் போன பங்கு

மோதிரம் பிழைத்தது எப்படி என்பதில்தான் இக்கதையின் உயிர் இருக்கிறது. பெரெனின் வழிவந்தோர் நூமெனோர் தீவின் அரசர்களாகின்றனர். நான்காம் அரசன் தார்-எலென்டிலின் மூத்த குழந்தை சில்மாரியன். அக்கால வழக்கப்படி பெண்ணுக்கு அரியணை இல்லை. அது தம்பிக்குப் போகிறது. தந்தை மகளுக்கு மோதிரத்தைக் கொடுக்கிறான். பல நூற்றாண்டுகள் கழித்து நூமெனோர் கடலில் மூழ்கும்போது அரியணையோடு இருந்த வாள், கோடரி, வில் ஆகிய குடிச்செல்வங்கள் அழிகின்றன. அரசுரிமை மறுக்கப்பட்டவளின் வீட்டில் இருந்த மோதிரம் மட்டும், அவள் வழிவந்த எலென்டிலோடு தப்பி நடு உலகுக்கு வந்து சேர்கிறது.

இதே முறை மீண்டும் நிகழ்கிறது. வட நாட்டின் கடைசி அரசன் அர்வெடுயி, மூன்றாம் ஊழியின் 1944ஆம் ஆண்டில் தென் நாடான கோண்டோரின் அரியணைக்கு உரிமை கோரினான். இசில்டூரின் வழிவந்தவன் என்பதோடு, இறந்த கோண்டோர் மன்னனின் மகள் ஃபிரியேலை மணந்தவன் என்பதும் அவன் வாதம். நூமெனோரின் பிற்காலச் சட்டப்படி ஆணோ பெண்ணோ மூத்த குழந்தைக்கே அரசு என்றும் எடுத்துச் சொன்னான். கோண்டோர் ஏற்கவில்லை. சுமார் 30 ஆண்டுகள் கழித்து நாட்டை இழந்து பனிக்கடல் ஓரத்துக்கு ஓடும் அவனுக்கு, லோசோத் என்னும் பனிநாட்டு எளிய மக்கள் அடைக்கலம் தருகிறார்கள். அழைத்துச் செல்லக் கப்பல் வந்ததும், நன்றியாக அவர்களின் தலைவனிடம் மோதிரத்தைத் தருகிறான். அவர்களுக்கு அதனால் பயன் ஏதுமில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறான். வேண்டும்போது தன் உறவினர் பொருள் கொடுத்து மீட்பார்கள் என்கிறான். இப்போது ஏறாதே என்று தலைவன் தடுத்தும் கேளாமல் கப்பலேறுகிறான். பனி கப்பலை நொறுக்குகிறது. அவன் தன்னோடு வைத்திருந்த இரண்டு பலன்டீர் கற்களும் கடலடியில் போகின்றன. கொடுத்துவிட்டதால் மோதிரம் தப்புகிறது.

ஃபின்ராடின் இன்னொரு நகையோடு இதை ஒப்பிடலாம். குள்ளர்கள் அவனுக்குச் செய்த நௌக்லமீர் என்னும் கழுத்தணி பின்னர் திங்கோலிடம் வருகிறது. திங்கோல் அதில் சில்மரில் மணியைப் பதித்துத் தனதாக்கிக்கொள்ள முயன்று, அதைச் செய்த குள்ளர்கள் கையாலேயே இறக்கிறான். டோல்கீனிடம் இறுகப் பற்றிய நகை கொலையில் முடிகிறது. கைவிட்டுக் கொடுத்தது குடியோடு நிலைக்கிறது.

குறைகள்

இவ்வளவு செறிவான பொருளை டோல்கீன் கதையாக எழுதாமல் விட்டது பெருங்குறை. சில்மாரியனுக்கு மோதிரம் கிடைத்ததும், அது ஒன்றே அழிவிலிருந்து தப்பியதும் ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில் ஒரு குறிப்பாகவே இடம்பெறுகின்றன. அவள் அதை அணிந்தாளா, என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு வரி இல்லை. உரிமை மறுக்கப்பட்ட பெண் வழியாக வந்த மோதிரத்தை அணிந்த அர்வெடுயி, மனைவியின் உரிமையைச் சொல்லித் தோற்பதில் உள்ள முரணையும் ஆசிரியர் எங்கும் தொட்டுக்காட்டுவதில்லை. பாராஹிரின் மனைவி எமெல்டிர், போரின் நடுவே பெண்களையும் குழந்தைகளையும் திரட்டி அழைத்துச் சென்று காத்தவள். குடி பிழைத்ததில் அவள் பங்கு சிறிதல்ல. ஆனாலும் நகை தந்தையின் பெயரைத்தான் தாங்குகிறது.

அர்வெடுயியின் பனிநாட்டுப் பகுதி மட்டும் பின்னிணைப்பின் சில பத்திகளுக்குள்ளேயே முழுச் சிறுகதையின் நிறைவோடு அமைந்துவிட்டது.

பீட்டர் ஜாக்சனின் திரைப்படங்கள் மோதிரத்தை அரகார்னின் விரலில் போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி செய்தன. 2002இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் அதன் வருணனையைக் கேட்டே சாருமான் அவனை இசில்டூரின் வாரிசு என்று அறிகிறான். பார்வையாளருக்கு இது வசதிதான். ஆனால் குடிவரலாறு அங்கே அடையாள அட்டையாகச் சுருங்கிவிடுகிறது. பின்னிணைப்பின்படி அரகார்ன் அதை 20 வயதில் எல்ராண்டிடமிருந்து பெற்று, 2980ஆம் ஆண்டில் ஆர்வெனுக்கு மணஉறுதியாகக் கொடுத்துவிட்டான். ஆர்வெனும் பெரெனின் வழிவந்தவளே. படம் காட்டும் போரின்போது மோதிரம் அவன் கையை விட்டுப் போய் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.