மோனோவில் காணாமல் போகும் கிட்டார்

"ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்" என்ற குறிப்போடு கிட்டார் பாடல்கள் வருவது வழக்கமாகிவிட்டது. அக்கூஸ்டிக் கிட்டாரை இரண்டு மைக்கில் பதிந்து, ஒன்றை இடக்கோடிக்கும் மற்றதை வலக்கோடிக்கும் தள்ளிவிடுகிறார்கள். கேட்டால், "இந்தக் காலத்தில் மோனோவில் யார் கேட்கிறார்கள்?" என்கிறார்கள். ஆடி மாதம் காவாந்தண்டலம் பக்கம் வந்து பார்க்கட்டும். கூழ் ஊற்றும் நாளில் தெருவெங்கும் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களுக்கு ஒரே ஆம்ப்ளிஃபயர். மைக்செட்காரர் போனைச் செருகியதும் இடமும் வலமும் ஒன்றாகக் கலந்துதான் வெளியே வரும்.

இரண்டு மைக் முறையில் நன்மை இல்லாமல் இல்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே வைத்த மைக் தந்தியின் மினுமினுப்பைத் தரும். பிரிட்ஜ் பக்கத்து மைக் மரத்தின் கனத்தைத் தரும். தனி வாசிப்பாக ஹெட்போனில் கேட்டால் அந்த விரிவு சுகம்தான்.

என் ஆட்சேபணை ஒன்றே ஒன்று. பல வருஷமாகச் சொல்லி வருவது. கிட்டாரிலிருந்து ஒரு மைக்கைவிட மற்றது 34 செ.மீ. தள்ளியிருந்தால், ஒலி அதை 1 மில்லி விநாடி தாமதமாக அடையும். தனித்தனிக் காதில் விழும்வரை அந்தத் தாமதம்தான் விரிவாகக் கேட்கிறது. இரண்டையும் கூட்டினால், 500 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து ஒலி அடங்கிப்போகும். 1500-லும் 2500-லும் அப்படியே. முதல் தந்தியின் ஏழாம் ஃப்ரெட் சுரம் ஏறக்குறைய 494 ஹெர்ட்ஸ். மெட்டு அங்கே ஏறும்போது கிட்டார் மெலிந்துவிடும். அடித்தந்திகளின் கீழ்ச்சுரங்கள் குழாய் ஸ்பீக்கரில் ஏற்கெனவே வராது. மிச்சமிருக்கும் நடுப்பகுதியும் இப்படிப் பறிபோகிறது.

இதைவிட மோசமான குறுக்குவழிகளும் உண்டு. ஒரே பதிவை நகலெடுத்து, 10 முதல் 30 மில்லி விநாடி தள்ளி மறுபக்கம் வைக்கிறார்கள். சிலர் நகலைத் தலைகீழாகத் திருப்பியே வைத்துவிடுகிறார்கள். மோனோவில் அந்தக் கிட்டார் அடியோடு அழிந்து, பாடுகிறவர் குரல் மட்டும் அநாதையாக நிற்கும்.

தீர்வு புதிதல்ல. ஒரே புள்ளியில் இரண்டு மைக்கை வைத்து ஸ்டீரியோ எடுக்கும் வழியை ஆலன் ப்ளூம்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எக்ஸ்-ஒய் முறையில் இரு மைக்கின் தலைகளும் ஒட்டியிருப்பதால் தாமதமே இல்லை. மிட்-சைட் முறையில் மோனோவாக்கினால் பக்க ஒலி தானே விலகி, நடு மைக் முழுசாக மிஞ்சும். ஒலிப்பதிவு படித்த எவருக்கும் இது தெரியும். தெரிந்தும் செய்வதில்லை, ஹெட்போனில் அவ்வளவு அகலம் வராது என்பதுதான் காரணம். இதை ரசனை வேறுபாடு என்று என்னால் விட முடியாது. கேட்பவரில் பாதிப் பேரை மறந்த அலட்சியம் இது.

1978-ல் 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தபோதும் ஊர் கேட்டது மோனோவில்தான். 1982-ல் 'இளைய நிலா'வுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரை டீக்கடை ரேடியோவிலும் கல்யாண வீட்டுக் குழாயிலும் கேட்டே ஒரு தலைமுறை மனப்பாடம் செய்தது.

மிக்ஸிங் செய்யும் தம்பிகளே, அகலம் வேண்டுமென்றால் கலைஞரை இரண்டு முறை தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். வெளியிடும் முன் மோனோ பட்டனை அழுத்தி ஒரு முறை முழுப்பாட்டையும் கேளுங்கள். கிட்டார் தேய்ந்தால் மைக்கை நகர்த்தி மறுபடி பதியுங்கள்.