கால் ஒடிந்த குதிரையும் கதாசிரியனும்

கதையில் வரும் குதிரைக்குக் கால் ஒடிந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியும். துப்பாக்கி வெடிக்கும், அத்தியாயம் முடியும். நம் சரித்திரத் தொடர்கதைகளில் அந்தச் சிரமம்கூடக் கிடையாது. காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு இரவு பகலாக ஓடிய குதிரை கொஞ்சம் நுரை தள்ளும். அடுத்த வாரம் அதே குதிரை ஈழத்துக்குக் கப்பலேறத் தயாராக நிற்கும்.

நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். பல வருஷங்களுக்கு முன் எழுதிய ஒரு சிறுகதையில், ஜட்கா வண்டிக் குதிரை ஒன்றைக் கீழே தள்ளி, முன்னங்காலை ஒடித்து, மூன்றே வரியில் கொன்றேன். உருக்கமான முடிவு என்று பாராட்டி நாலைந்து கடிதங்கள் வந்தன. அந்தப் பாராட்டை இன்று திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. அதற்குக் காரணம், சென்ற வருஷம் அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் வேப்பமரத்தடியில் கட்டியிருந்த ஒரு வெள்ளைக் குதிரை.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரை அது. ஒரு நாள் இரவு மூடாத பள்ளம் ஒன்றில் கால் இறங்கிவிட்டது. எலும்பு தப்பியது, தசைநாண் கிழிந்துவிட்டது. மாதக் கணக்கில் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குதிரைக்காரர் முதல் சில நாட்கள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலில் குளிர்ந்த நீரை விட்டுக்கொண்டே நின்றார். பிறகு கட்டுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார். நான் போகும்போதெல்லாம், "காலு சரியாயிடுமா?" என்று கேட்பேன். ஒரு நாள் அவருக்கு அலுத்துவிட்டது.

"அதைக் கேக்காதீங்க சார். இன்னிக்குப் புல்லு தின்னுச்சான்னு கேளுங்க" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து என் பழைய கதையை எடுத்துப் படித்தேன். ஜட்காக்காரன் அழுகிறான். குதிரை அவனைப் பார்க்கிறது. பிறகு செத்துப்போகிறது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. புல் மட்டும் எங்கேயும் இல்லை.

குதிரையின் கால் ஏன் இவ்வளவு பெரிய விவகாரம்? நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி, காலுக்கு ஒரே ஒரு விரலை ஊன்றி நிற்கிறது. அந்த விரலின் நகம்தான் குளம்பு. முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. மனிதனைப் போல மூன்று மாதம் படுக்கையில் கிடக்க அதனால் முடியாது. நின்றுகொண்டேதான் குணமாக வேண்டும். நொந்த காலைத் தூக்கி வைத்தால் பாரம் முழுவதும் எதிர்க்காலில் விழுகிறது. நாளடைவில் அந்த நல்ல காலின் குளம்புக்குள்ளே எலும்பைப் பிடித்திருக்கும் சவ்வு அழன்று பிரிந்துவிடுகிறது. உடைந்த கால் சேர்ந்துகொண்டு வரும்போது உடையாத கால் உயிரை வாங்கிவிடும்.

அமெரிக்காவில் 1975-ல் ரஃபியன் என்ற பந்தயப் பெண்குதிரைக்கு முன்னங்கால் முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அது இன்னும் பந்தயத்தில் ஓடுவதைப் போலக் கால்களை உதறிக் கட்டை உடைத்துக்கொண்டது. பிறகு வழியில்லை. 2006 மே மாதம் பார்பாரோ என்ற குதிரைக்குப் பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியபோது, 27 திருகாணிகள் போட்டுச் சேர்த்து, நீச்சல் குளத்தில் ரப்பர் படகொன்றில் மிதக்கவிட்டு மயக்கம் தெளிய வைத்தார்கள். தேசமே அதன் நலத்தை விசாரித்தது. ஜூலையில் எதிர்க்காலின் குளம்பு போயிற்று. பிறகு முன்னங்கால்களிலும் அதே நோய் கண்டது. 2007 ஜனவரி 29-ம் தேதி அதைக் கருணையோடு முடித்துவிட்டார்கள். எட்டு மாதக் காத்திருப்பு வீண் என்று சிலர் சொன்னார்கள். வைக்கோல் போட்டு, கட்டு மாற்றி, பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

நம் நாட்டில் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் அபூர்வமாக இருந்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: இங்குள்ள அரசர்கள் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வருஷந்தோறும் வாங்குகிறார்கள், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை, வியாபாரிகளோ அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதும் இல்லை, குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம்! யாத்திரிகரின் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் வீரர்களைக் குதிரைமேல் ஏற்றி அனுப்பும் நமது சரித்திர நாவலாசிரியர்களில் எத்தனை பேர் அந்த லாயங்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

பெரிய ஆசிரியர்களும் இந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறார்கள். டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வில் விரான்ஸ்கி குதிரைப் பந்தயத்தில் ஒரு தடையைத் தாண்டும்போது, ஒரு கணம் தவறாகச் சேணத்தில் உட்கார்ந்து, ஃப்ரூ-ஃப்ரூவின் முதுகை முறித்துவிடுகிறான். பிறகு ஆத்திரத்தில் அதை உதைக்கிறான். உலக இலக்கியத்தில் அதற்கு ஈடான பந்தயக் காட்சி கிடையாது. ஆனால் ஃப்ரூ-ஃப்ரூ விழுவது அன்னாவுக்காக. அவளுக்கு வரப்போவதை நமக்குக் காட்டிவிட்டு அது சுடப்படுகிறது. அங்கே முதுகு முறிந்திருப்பதால் வேறு வழியில்லை என்பது நியாயம்தான். ஆனால் ஆசிரியருக்கும் அதற்குமேல் அதனிடம் வேலை இல்லை. குதிரை அடையாளமாகிவிட்டால் அதற்குப் புல் வேண்டியதில்லை.

காத்திருப்பதை எழுதியவர் யார் என்று தேடினால், குழந்தைகள் புத்தகம் என்று நாம் ஒதுக்கி வைக்கும் ஒன்றுதான் கைக்கு வருகிறது. ஆனா ஸுவெல் எழுதி 1877-ல் வெளிவந்த 'பிளாக் பியூட்டி'. குடிபோதையில் ஒருவன், லாடம் கழன்ற குதிரையைக் கல் ரோட்டில் விரட்டுகிறான். குதிரை விழுகிறது, அவன் சாகிறான். இங்கேதான் மற்றவர்கள் கதையை முடிப்பார்கள். ஸுவெல் அம்மையார் தொடர்கிறார். முழங்காலுக்குப் பற்றுப் போடுகிறார்கள், எரிமருந்து தடவுகிறார்கள், புல்வெளியில் தனியே விடுகிறார்கள். நாட்கள் போகின்றன. கால் குணமாகிறது, தழும்பு மட்டும் போவதில்லை. தழும்புள்ள குதிரை பெரிய வீட்டு வண்டிக்கு அழகில்லை என்று விற்றுவிடுகிறார்கள். குணமானதற்குப் பிறகும் ஒரு கஷ்டம் உண்டு என்று எழுத எவ்வளவு அனுபவம் வேண்டும்!

அந்த அனுபவம் அவருக்கு இருந்தது. பதினாலு வயதில் விழுந்து கணுக்கால்கள் இரண்டும் கெட்டு, ஆயுள் முழுவதும் சரியாக நடக்க முடியாமல், குதிரை வண்டியையே காலாக நம்பி வாழ்ந்தவர். தம் ஒரே நாவலைப் பெரும்பாலும் படுக்கையில் கிடந்தபடி எழுதினார். புத்தகம் வெளிவந்து ஐந்து மாதங்களில் காலமானார்.

நம் காலத்திலும் இதற்கு ஒரு துணை இருக்கிறது. லாரா ஹில்லன்பிராண்டின் 'சீபிஸ்கட்', 2001-ல் வந்த உண்மைக் கதை. 1939-ல் முன்னங்காலில் தசைநார் கிழிந்த பந்தயக் குதிரையும், கால் முறிந்த ஜாக்கியும் ஒரே பண்ணையில் சேர்ந்து நொண்டி நடந்து தேறுகிறார்கள். 1940 மார்ச்சில் ஸான்டா அனிடாவில் ஜெயிக்கிறார்கள். படித்தவர்களும் 2003-ல் வந்த சினிமாவைப் பார்த்தவர்களும் அந்த வெற்றியை நினைவு வைத்திருப்பார்கள். எனக்கோ பண்ணைப் பகுதிதான் புத்தகத்தின் உயிராகத் தோன்றுகிறது. அதை எழுதியவரும் வருஷக் கணக்கில் தீராத களைப்பு நோயில் கிடந்தவர்தான்.

சாவை எழுத, பார்த்தால் போதும். ஒரு கணத்தில் முடிகிற விஷயம். குணமாவதை எழுத, கூடவே இருக்க வேண்டும். அதில் சம்பவம் இல்லை. நேற்றைப் போலவே இன்றும். கதாசிரியனுக்கு அது பயமாக இருக்கிறது, வாசகர் புரட்டிவிடுவாரோ என்று. அதனால் கொன்றுவிடுகிறான், அதற்குச் சோகம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறான். என் ஜட்காக் குதிரை செத்தது விதியால் என்று அப்போது நினைத்தேன். என் பொறுமையின்மையால் செத்தது என்று இப்போது தெரிகிறது.

பின் தெருக் குதிரை இப்போது கட்டில்லாமல் நிற்கிறது. தினம் காலையில் குதிரைக்காரர் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடத்திப் போய் வருகிறார். லேசாக நொண்டுகிறது. மறுபடியும் ஊர்வலத்துக்குப் போகுமா என்று நான் கேட்பதில்லை.

"இன்னிக்குப் புல்லு தின்னுச்சா?" என்றுதான் கேட்கிறேன்.