மூன்றரை கிராம் குண்டும் தீராத கணக்கும்

கயோட்டியைச் சுட எந்த ரைஃபிள் சரி? அமெரிக்க வேட்டைக்காரர்கள் பத்துப் பேரைக் கேட்டால் பன்னிரண்டு பதில் வரும். குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் நிற்கும் இந்த விலங்கு, மேற்கு மாநிலங்களில் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து கிலோதான் இருக்கும். குளிர்கால ரோமம் அதை ஊதிப் பெரிதாகக் காட்டும். தோலை உரித்தால் நம் தெரு நாயைவிட ஒடிசலான உடம்பு. இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய ஒரு தேங்காய் அளவு. காலிபர், அதாவது தோட்டா அளவு, பற்றிய சண்டை முழுக்க அந்தத் தேங்காயைக் குறிவைத்தே நடக்கிறது.

அதிகம் பேரின் தேர்வு .223 ரெமிங்டன். 1964-ல் சந்தைக்கு வந்தது. எம்-16 ராணுவத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு உடன்பிறப்பு என்பதால் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கிறது. மூன்றரை கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும். அடுத்த ஆண்டு ரெமிங்டன் நிறுவனம் முறைப்படுத்திய .22-250 அதே விட்டமுள்ள குண்டைத்தான் எறிகிறது. வெடிமருந்து மட்டும் கூடுதல், வேகம் நொடிக்கு 1,100 மீட்டரைத் தாண்டும். குண்டு குறைவாகத் தாழ்வதால், தூரத்தைத் தப்பாகக் கணித்தவனையும் அது காப்பாற்றிவிடும். ஆனால் குழல் சீக்கிரம் தேயும். 1955-ல் வந்த .243 வின்செஸ்டர் இன்னும் கனமான குண்டை எறியும். புல்வெளிக் காற்று அதை அவ்வளவாக அசைக்காது. மான் வேட்டைக்கும் அதுவே போதும் என்பதால் ஒரே துப்பாக்கி வாங்க நினைப்பவருக்குப் பிடிக்கும். மறுகோடியில் .17 எச்எம்ஆர். அதன் குண்டு ஒரு கிராமுக்குச் சற்றே மேல், அணிலுக்கும் முயலுக்கும் போதுமானது. கைதேர்ந்தவர் கிட்டத்தில் வைத்துக் கயோட்டியை வீழ்த்தலாம். மற்றவர் கையில் அது காயம்பட்ட விலங்கை ஓடவிடும் கருவி.

என் பார்வையில் காலிபர் எண்ணைவிடக் குண்டின் உருவாக்கம் முக்கியம். மெல்லிய உறை கொண்ட குண்டு தோள் எலும்பில் பட்டதும் மேலேயே சிதறி, ஆழம் போகாமல் ஒரு குரூரமான புண்ணை மட்டும் உண்டாக்கலாம். முழு உறையிட்ட குண்டோ ஊசிபோல ஊடுருவி அப்பால் பறக்கும். அந்த ‘அப்பால்’ யாருடைய பண்ணை வீடு என்பது குண்டுக்குத் தெரியாது. தோல் விற்பவருக்குச் சிறு துளையாக உள்ளே போய் வெளியே வராத குண்டு வேண்டும். மந்தையைக் காக்கச் சுடும் ஆட்டுக்காரருக்குத் தோலைப் பற்றி அக்கறையில்லை. ‘எந்தக் காலிபர்’ என்று கேட்பவரிடம் ‘செத்த பிறகு அதை என்ன செய்வீர்கள்’ என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். கயோட்டி ரோமம் வைத்த குளிர்ச்சட்டைகளால் பெயர் பெற்ற கனடா கூஸ் நிறுவனம் ரோமத்தைக் கைவிடுவதாக 2021-ல் அறிவித்தபோது, தோல் கெடாத குண்டைத் தேடும் விவாதத்தின் கீழிருந்த தரையும் கொஞ்சம் நழுவியது.

முயலின் மரண ஓலத்தை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுக் காற்றுத் திசை பார்த்துக் காத்திருப்பவரிடம், கயோட்டி பெரும்பாலும் 200 மீட்டருக்குள் தானே வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு .223 தாராளம். அதற்கு மேலான வேகத்துக்குச் செலவிடுவது, பல சமயம், பொறுமையின்மைக்குக் கட்டும் அபராதம்.

இந்த விவாதத்தில் ஒரு மனசாட்சி இருப்பதை மறுக்கக் கூடாது. ஒரே குண்டில் சாக வேண்டும் என்ற கவலை அதில் ஓடுகிறது. முன்பு ஸ்டிரிக்னைனும் ‘1080’ என்ற நஞ்சும் தடவிய இறைச்சியைப் புல்வெளியெங்கும் போட்டார்கள். கூட்டரசு நிலங்களில் அதை நிறுத்த 1972-ல் அதிபர் நிக்சனின் ஆணை தேவைப்பட்டது. நஞ்சு ஆள் பார்க்காது, துப்பாக்கிக்காரர் பார்க்க முடியும். ஆனாலும் சிதறும் ஈயக் குண்டு ஒரு வகையில் அந்த இறைச்சியின் தம்பிதான். வெளியில் கிடக்கும் உடலைத் தின்னும் கழுகுக்கும் காண்டோர் என்ற பிணந்தின்னிப் பறவைக்கும் ஈயத்துணுக்குகள் போய்ச் சேர்கின்றன. கலிபோர்னியா 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்தது. சிதறுவது நல்லது என்று கொண்டாடப்பட்ட குணமே இங்கே குற்றம்.

காலிபர் விவாதத்தின் பெரிய பலவீனம் வேறிடத்தில். அமெரிக்க வேளாண்துறையின் வனவிலங்குப் பிரிவு மட்டுமே பல ஆண்டுகளில், ஒரே ஆண்டில் 60,000-க்கு மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. தனியார் வேட்டை அதற்கு மேல். அப்படியும், ஒரு காலத்தில் மேற்கு வறள்நிலங்களில் இருந்த விலங்கு இன்று அட்லாண்டிக் கரையிலும் பனாமாவிலும் ஓடுகிறது. ஓநாய்களை ஒழித்து இடத்தைக் காலிசெய்து கொடுத்தவர்கள் மனிதர்களே. ஓர் எல்லையை ஆளும் இணையைச் சுட்டால் அடங்கியிருந்த இளம் பெட்டைகளும் ஈனத் தொடங்கும். இரை பங்கு கூடுவதால் குட்டிகள் அதிகம் பிழைக்கும். ஆண்டுக்கு முக்கால்வாசியைக் கொன்றாலும் இனத்தை ஒழிக்க ஐம்பது ஆண்டுக்கு மேலாகும் என்று 1975-ல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர்களின் கணித மாதிரி காட்டியது. எந்தக் காலிபரை எடுத்து இந்தக் கணக்கைத் தீர்ப்பது?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குட்டி ஈனும் பருவத்தில் ஒரு மந்தையை விடாமல் தாக்கும் குறிப்பிட்ட இணையை அகற்றினால் அந்த ஆட்டுக்காரருக்கு அந்தப் பருவம் தப்பும். அந்த வேட்டையை நான் குறை சொல்லமாட்டேன். காவல் நாயும் நல்ல வேலியும் அதனுடன் சேர வேண்டும். கொன்ற எண்ணிக்கைக்குப் பரிசு தரும் வேட்டைப் போட்டிகளுக்கு இந்த நியாயம் ஒட்டாது. கலிபோர்னியா 2014-லேயே அந்தப் பரிசுகளைத் தடை செய்தது.

இப்போது இரவில், வெப்பம் காட்டும் தொலைநோக்கியுடன் சுடுவது பரவியிருக்கிறது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில், உலகின் மிக அரிய நாயினங்களில் ஒன்றான சிவப்பு ஓநாய் கயோட்டியென்று தவறாகச் சுடப்பட்டதால், 2014-ல் நீதிமன்றம் தலையிட்டு அது வாழும் ஐந்து கவுண்டிகளில் கயோட்டி வேட்டையைக் கட்டுப்படுத்தியது. வெப்பத் தொலைநோக்கியின் திரையில் தெரிவது ஒரு வெள்ளை உருவம். நான்கு கால், நீண்ட மூக்கு, தொங்கும் வால். ஓநாயா, பக்கத்து வீட்டு நாயா, கயோட்டியா என்று விரல் விசையில் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.